1964 எம்.ஜி.பி.க்கு சாலிஸ்பரி ஆக்ஸில்: கழற்ற ஒரு நாள், பொருத்த ஐந்து வாரம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை 62 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து வண்டியை நிறுத்தியதும், முதல் வேலையாகக் கீழே குனிந்து இரண்டு பின் சக்கரங்களின் உட்பக்கத்தையும், பின் ஆக்ஸிலின் நடுவில் பல்சக்கரங்கள் இருக்கும் டிஃபரென்ஷியலின் மூக்கையும் விரலால் தடவிப் பார்த்தேன். மூன்று இடங்களும் உலர்ந்திருந்தன. பழைய ஆக்ஸிலைத் தடவியபோதும், புதியதைப் பொருத்திய பிறகு முதன்முறை ஓட்டிவிட்டுத் தடவியபோதும் இதே விரல் கறுத்த எண்ணெயோடுதான் திரும்பியது. விரலில் எதுவும் ஒட்டாததை வைத்து, வேலை முடிந்தது என்று முடிவுகட்டி இதை எழுதுகிறேன்.

வண்டி 1964-ஆம் ஆண்டு எம்.ஜி.பி. ரோட்ஸ்டர், அதாவது கூரை திறந்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், கம்பிச் சக்கரங்கள் கொண்டது. 1962-இல் அபிங்டன் தொழிற்சாலையிலிருந்து வெளிவரத் தொடங்கிய இந்த மாதிரியின் ஆரம்ப கால ரோட்ஸ்டர்களில் பாஞ்சோ வகை பின் ஆக்ஸில் இருக்கும். அதில் கிரவுன் என்ற பெரிய பல்சக்கரம், அதைச் சுழற்றும் சிறிய பினியன், டிஃபரென்ஷியல் எல்லாவற்றையும் ஒரே கட்டாக முன்பக்கமாக உருவி எடுத்துவிடலாம். 1965-இல் வந்த, மூடிய கூரை கொண்ட ஜி.டி. மாதிரிக்குச் சாலிஸ்பரி வகையைப் போட்டார்கள். நடுவில் வார்ப்பிரும்புக் கூடு, அதன் இரு பக்கமும் அழுத்திச் செருகிய எஃகுக் குழாய்கள், பின்னால் போல்ட்டுகளால் இறுக்கிய ஒரு மூடி. ரோட்ஸ்டருக்கு அது 1967-இல்தான் வந்தது. இரண்டிலும் பல் விகிதம் ஒன்றே: பினியனில் 11 பற்கள், கிரவுனில் 43 பற்கள், அதாவது 3.909. ஆகவே ஸ்பீடோமீட்டரைத் தொட வேண்டியதில்லை என்பது இந்த மாற்றத்தின் ஒரே இலவசச் சலுகை.

பழைய ஆக்ஸிலைப் பற்றி நான் குறை சொல்லக் கூடாது. பாஞ்சோவை இன்றும் விரும்புகிறவர்கள் உண்டு. அதன் வேலைப்பாடு எனக்கும் பிடிக்கும். ஆனால் என்னுடையது 60 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் ஊளையிடத் தொடங்கியது. கழற்றிப் பார்த்தபோது கிரவுன் பற்களின் ஒரு பக்கத்தில் அம்மைத் தழும்பு போலக் குழிகள் விழுந்திருந்தன. ஜோடியாகப் பொருந்திய கிரவுன் பினியன் வாங்கி, அனுபவமுள்ள ஒருவரிடம் கொடுத்து பிளே (பற்களுக்கிடையே விடும் தளர்வு) வைக்க ஆகும் செலவைக் கணக்கிட்டேன். ஓடிய நிலையில் உள்ள ஒரு சாலிஸ்பரி ஆக்ஸில் அதில் மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடைத்தது. கணக்கு அவ்வளவுதான் என்று அப்போது நினைத்தேன்.

முதல் தவறு அந்த இடத்திலேயே நேர்ந்தது. வந்து இறங்கிய ஆக்ஸில் சாதாரண எஃகுச் சக்கரங்களுக்கானது. ஹப்பில் நான்கு ஸ்டட்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன. ஸ்டட்டுகளின் மேல் பல்வெட்டுள்ள அடாப்டரை வைத்து இறுக்கினால் கம்பிச் சக்கரம் ஏறிவிடும் என்று விற்றவர் சொன்னார். ஏறும் என்பது உண்மைதான். ஆனால் கம்பிச் சக்கர வண்டிக்கான ஆக்ஸிலின் கூடே இதைவிட அகலம் குறைவானது என்பதை, இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் கிடத்திப் பார்க்கும் வரை நான் மனத்தில் வாங்கவில்லை. சக்கர வளைவின் விளிம்பிலிருந்து தூக்குக்குண்டு விட்டு அளந்தபோது, பழைய ஆக்ஸிலில் டயருக்கும் விளிம்புக்கும் இடப்பக்கம் 24 மி.மீ., வலப்பக்கம் 29 மி.மீ. இடைவெளி இருந்தது. அகலமான ஆக்ஸிலையும் அடாப்டரையும் போட்டால் இடப்பக்க இடைவெளி ஏறக்குறைய முழுவதும் தின்னப்பட்டுவிடும். இரண்டு பேர் உட்கார்ந்து ஒரு பள்ளத்தில் இறக்கினால் டயரைத் தகடு சீவிவிடும். பணம் கொடுப்பதற்கு முன் ஒரு அளவு நாடாவை நீட்டியிருந்தால் இரண்டு வாரம் மிஞ்சியிருக்கும். திருப்பி அனுப்பும் செலவு என் தலையில் விழுந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை, அளக்காதவன் நான்தானே.

இரண்டாவது ஆக்ஸிலை நேரில் போய்ப் பார்த்தே வாங்கினேன். அங்கேயே மூன்று சோதனைகள் செய்தேன். முதலில், குழாயின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை அளந்து என் பழைய ஆக்ஸிலின் அளவோடு ஒப்பிட்டேன். அடுத்து, ஒரு பக்க ஹப்பைக் கயிற்றால் அசையாமல் கட்டிவிட்டு, மறு பக்க ஹப்பை இரண்டு முழுச் சுற்று சுற்றினேன். பினியன் ஃபிளாஞ்சில் (பினியனின் முனையில் ஷாஃப்ட்டைப் பூட்டும் தட்டில்) சுண்ணாம்புக் கட்டியால் போட்ட கோடு நான்கு சுற்றுக்குச் சற்று முன்னதாக நின்றது. 3.909 என்றால் அப்படித்தான் நிற்க வேண்டும். மூன்று சுற்றுக்குச் சற்று மேலே நின்றிருந்தால் அது ஜி.டி. வி8 வகையின் 3.07 விகிதமாக இருந்திருக்கும். என் 1798 சி.சி. எஞ்சின் மேட்டில் மூச்சுத் திணறும். மூன்றாவது சோதனையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கம்பிச் சக்கர ஹப்புகளில் வண்டியின் இடப்பக்கத்துக்கு வலமரையும், வலப்பக்கத்துக்கு இடமரையும் இருக்க வேண்டும். முன்பு யாராவது கழற்றி மாற்றிப் பூட்டியிருந்தால், ஓடும்போதே மைய நட் தானாகக் கழன்றுவிடும். இதில் மரைகள் சரியாக இருந்தன.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அப்படியே பொருத்திவிடத்தான் கை அரித்தது. நல்ல வேளையாகப் பின் மூடியைத் திறந்தேன். பழைய கியர் ஆயிலின் கந்தக வாடை இரண்டு நாள் கையை விட்டுப் போகவில்லை. பற்கள் கண்ணாடி போல வழவழப்பாக, குழியில்லாமல் இருந்தன. டயல் கேஜை வைத்துக் கிரவுனின் நான்கு இடங்களில் பிளே பார்த்தபோது எல்லா இடத்திலும் 0.15 மி.மீ. வந்தது. இடத்துக்கு இடம் மாறாமல் இருப்பதுதான் முக்கியம் என்பதால் அதை மேற்கொண்டு தொடவில்லை. ஆனால் திருப்பத்தில் இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும், உள்ளே இருக்கும் சிறிய பிளானட் பல்சக்கரங்களைக் கையால் ஆட்டினால் கடக் கடக் என்றன. சாலிஸ்பரி ஆக்ஸில் கொண்ட எம்.ஜி.பி. வண்டிகளில் கிளட்சை விடும்போது பின்னால் கேட்கும் அந்த ஒற்றைத் தட்டுச் சத்தத்துக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்: பிளானட் சக்கரங்களின் முதுகில் உட்காரும் குழிவான செம்பு வாஷர்களும், சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் அரை ஷாஃப்ட் நுழையும் சன் சக்கரங்களின் பின்னால் இருக்கும் தட்டையான ஃபைபர் வாஷர்களும் தேய்ந்துபோவது.

அவற்றை மாற்றுவதற்கு கிரவுனைக் கழற்ற வேண்டியதில்லை. ஹப் நட்டைக் கழற்றி, புல்லர் போட்டு ஹப்பை இழுத்து, பிரேக் தகட்டின் நான்கு போல்ட்டுகளை எடுத்து, அடித்து இழுக்கும் கருவியால் இரு அரை ஷாஃப்ட்டுகளையும் உருவினேன். பிறகு குறுக்கு அச்சாணியைப் பிடித்திருக்கும் ரோல் பின்னைத் தட்டி எடுத்தேன். அச்சாணியை உருவியதும் பிளானட் சக்கரங்கள் இரண்டையும் சுற்றிச் சுற்றி வாசலுக்குக் கொண்டுவந்து வெளியே எடுத்துவிடலாம். ஒரு செம்பு வாஷர் நசுங்கிய சாக்லேட் காகிதம் போல மெலிந்து, ஓரத்தில் பிளந்திருந்தது. புதியதையும் அதையும் மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்தால் 0.4 மி.மீ. வேறுபாடு. ஃபைபர் வாஷர்களில் ஒன்று இருந்த இடமே தெரியவில்லை. அதன் துணுக்குகள் அடியில் வண்டலோடு வண்டலாகக் கிடந்தன. புதிய வாஷர்களோடு பிளானட் சக்கரங்களைத் திரும்ப உள்ளே நுழைப்பது எடுத்ததைப் போல எளிதாக இல்லை. இரண்டும் நேரெதிராக, ஒரே நேரத்தில், வாஷர் நழுவாமல் போக வேண்டும். நான்காவது முயற்சியில், வாஷர்களைக் கெட்டியான கிரீஸால் ஒட்டவைத்த பிறகுதான் அச்சாணியின் துளை நேருக்கு நேர் வந்தது. இந்த நான்கு வாஷர்களின் விலை மொத்தச் செலவில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

எண்ணெய் கசியாமல் தடுக்கும் பினியன் சீலை மாற்றும்போது மட்டும் அவசரப்படவில்லை. சாலிஸ்பரியில் பினியன் பேரிங்குகளுக்கு இடையே நசுங்கி அளவு கொடுக்கும் ஒரு ஸ்பேசர் இருக்கிறது. நட்டை அளவுக்கு மீறி இறுக்கினால் அது மேலும் நசுங்கி, பேரிங்குகள் இறுகிப்போகும். பின்னோக்கித் தளர்த்திச் சரிசெய்ய வழியே இல்லை. எனவே அரை ஷாஃப்ட்டுகள் வெளியே இருந்த நிலையில், பழைய நட்டைத் தொடுவதற்கு முன்பே, ஃபிளாஞ்சில் உறுதியான நூலைச் சுற்றி, அதன் முனையை மீன் நிறுக்கும் கொக்கித் தராசில் மாட்டி மெதுவாக இழுத்து, ஃபிளாஞ்ச் சுழலும்போது முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டேன். சீலை மாற்றி நட்டைப் பூட்டும்போது, கொஞ்சம் இறுக்குவது, நூலை இழுத்துப் பார்ப்பது, மறுபடி இறுக்குவது என்று ஒன்பது முறை செய்து, முள் அதே இடத்துக்கு ஒரு மயிரிழை மேலே வந்ததும் நிறுத்தினேன். முக்கால் மணி நேரம் ஆனது.

பழைய ஆக்ஸிலைக் கழற்றியதைப் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. வண்டியின் பின்பகுதியைத் தூக்கி, கமான் பட்டைகளின் முன் கண்ணுக்குச் சற்று முன்னால் தாங்கிகளை வைத்தேன். பிரேக் ஹோஸ், ஹேண்ட்பிரேக் கேபிள், கியர் பெட்டியிலிருந்து வரும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் நான்கு போல்ட்டுகள், லீவர் வகை ஷாக்கின் இணைப்புகள், துள்ளலைத் தடுக்கும் பட்டைகள், யூ-போல்ட்டுகள் என்று வரிசையாக எடுத்துவிட்டு, பட்டைகளின் பின்பக்கத் தொங்கட்டான்களைக் (ஷாக்கிள்) கழற்றிக் கீழே இறக்கினால், பட்டையின் மேல் உட்கார்ந்திருக்கும் ஆக்ஸிலைப் பின்பக்கமாக வெளியே இழுத்துவிடலாம். ஒரு முனையை நானும் மறு முனையைத் தம்பியும் பிடித்தோம். எட்டு யூ-போல்ட் நட்டுகளில் ஐந்து துரு இளக்கும் எண்ணெய்க்கு மசிந்தன. மூன்றை ஹேக்சாவால் அறுக்க வேண்டியிருந்தது. யூ-போல்ட்டுகளை எப்படியும் புதிதாகத்தான் வாங்க வேண்டும்; அவற்றை வண்டியின் ஆண்டைச் சொல்லி வாங்காமல், உள்ளே போகும் ஆக்ஸிலின் குழாய் அளவைச் சொல்லி வாங்குங்கள்.

புதிய ஆக்ஸிலை ஏற்றியபோது, பட்டையின் நடு போல்ட் தலை ஆக்ஸில் இருக்கையின் துளைக்குள் விழுந்ததா என்று கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மேலும் கீழும் புதிய ரப்பர் மெத்தைகள். யூ-போல்ட்டுகளைக் குறுக்கு வாட்டில், சுற்றுக்குக் கால் திருப்பாக இறுக்கினேன். அதே உற்சாகத்தில் பட்டையின் முன் கண் போல்ட்டையும் தொங்கட்டான் நட்டுகளையும் இறுக்கி முடித்தேன். அது இரண்டாவது தவறு. வண்டியை இறக்கிப் பார்த்தால் பின்பகுதி முன்பைவிட 18 மி.மீ. உயரமாக நின்றது, உட்கார்ந்து குலுக்கினாலும் இறங்கவில்லை. சக்கரங்கள் தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் புஷ்கள் அந்த நிலையிலேயே பூட்டப்பட்டு, எடை இறங்கும்போது முறுக்கிக்கொள்கின்றன. சக்கரங்கள் தரையில் நிற்க, எடை முழுவதும் இறங்கிய நிலையில் எல்லாவற்றையும் தளர்த்தியதும், நறுக்கென்று ஒரு சத்தத்தோடு வண்டி தன் இடத்துக்கு இறங்கியது. பிறகு அதே நிலையில், மல்லாந்து படுத்து இறுக்கினேன்.

புரொப்பல்லர் ஷாஃப்ட் விஷயத்தில் நான் தப்பித்தது இன்னொருவர் கேட்ட ஒரே ஒரு கேள்வியால்தான். இரு வகை ஆக்ஸில்களுக்கும் ஷாஃப்ட்டின் நீளம் வேறு. பழையதை அப்படியே மாட்டக் கூடாது. கியர் பெட்டியின் ஃபிளாஞ்ச் முகத்திலிருந்து ஆக்ஸிலின் ஃபிளாஞ்ச் முகம் வரை அளந்து, ஷாஃப்ட் செய்பவரிடம் சொன்னேன். “வண்டி தரையில் நிற்கும்போது எடுத்த அளவா?” என்று கேட்டார். இல்லை, தொங்கும்போது எடுத்தது. திரும்பப் போய், எடை இறங்கிய நிலையில் அளந்தால் 9 மி.மீ. வேறுபட்டது. பட்டையின் முன் கண் அசையாது. எடை ஏறிப் பட்டை நிமிரும்போது நீளும் நீளமெல்லாம் பின்னோக்கித்தான் போக வேண்டும், ஆக்ஸிலும் அதோடு நகர்கிறது. எடை இறங்கிய நிலையில் ஷாஃப்ட்டின் வழுக்கும் பல்வெட்டு அதன் பயணத்தின் நடுவில் இருக்குமாறு நீளத்தை முடிவுசெய்தோம்.

பிரேக் வேலையில் சுவாரஸ்யம் குறைவு, நேரம் அதிகம். ஹேண்ட்பிரேக் கேபிளும் இரு வகைகளுக்கும் வேறு என்பதைப் பழையதை மாட்டிப் பார்த்துத் தோற்ற பிறகே ஒப்புக்கொண்டேன். ஆக்ஸிலின் மேல் ஓடும் இரண்டு இரும்புக் குழாய்களும் துருப்பிடித்திருந்ததால் செம்பு-நிக்கல் குழாயில் புதிதாக வளைத்தேன். இரண்டு முனைகளையும் அழகாக விரித்து முடித்த பிறகு பார்த்தால், விரிப்பதற்கு முன்பே குழாயில் கோத்திருக்க வேண்டிய நட் மேசையின் மேலேயே உட்கார்ந்திருந்தது. குழாய் வளைத்தவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது அந்த நட்டைப் பார்த்துத் திட்டியிருப்பார்கள். வீல் சிலிண்டர்கள் இரண்டும் புதியவை. ஏர் எடுக்கத் தம்பியின் காலும் ஒரு மாலையும் செலவாயின.

ஹப்பைத் திரும்பப் பூட்டும்போது, பிளவுள்ள கூம்பு வளையத்தை மறக்காமல் போட்டு, எண்ணெய் பல்வெட்டு வழியாகக் கசிந்து வராதிருக்கச் சிறிது சீலன்ட் தடவினேன். நட்டுக்கு 1 5/16 அங்குல சாக்கெட் வேண்டும். முக்கால் அங்குலப் பிடி உள்ளதாக வாங்குங்கள், அரை அங்குலப் பிடியை நான் முறுக்கியே உடைத்தேன். இறுக்கம் 150 பவுண்டு-அடி, அதாவது 203 நியூட்டன்மீட்டர். ஸ்பிலிட் பின்னின் துளை நேராக வரவில்லை என்றால் மேலும் இறுக்கித்தான் நேர்படுத்த வேண்டும், தளர்த்தக் கூடாது. எண்ணெய் ஊற்றும்போது பழைய பழக்கத்தில் பாஞ்சோவின் அளவான 1.28 லிட்டரை எடுத்து வைத்திருந்தேன், சாலிஸ்பரிக்கு 0.85 லிட்டர்தான். 90 தரக் கியர் ஆயில், மட்டத் துளை வழியே வழியத் தொடங்கியதும் ஊற்றுவதை நிறுத்திவிட்டேன். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி ஊற்றியிருந்தேன்.

முதல் ஓட்டம் நாற்பது நிமிடம். ஊளை இல்லை, தட்டுச் சத்தம் இல்லை. மனம் நிறைந்துதான் திரும்பினேன். நிறுத்திவிட்டுப் பார்த்தால், புதிதாக மாற்றிய பினியன் சீலின் அடியில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது; இடப்பக்க டிரம்மின் அடி விளிம்பும் நனைந்திருந்தது. சீலைத் தவறாக அடித்திருக்கிறேன் என்று நினைத்து, எல்லாவற்றையும் மறுபடி கழற்ற ஆயத்தமாகி, எண்ணெயை இறக்குவதற்காக மேல் துளையின் அடைப்பைத் தளர்த்தியதும் புஸ்ஸென்று காற்று வெளியே வந்தது. அப்போதுதான் புரிந்தது. கூட்டின் மேலிருக்கும் சிறிய மூச்சுத் துளையை, ஆக்ஸிலைக் கறுப்பு வண்ணம் அடித்து அழகாக்கியபோது நானே மூடிவிட்டிருந்தேன். எண்ணெய் சூடானதும் உள்ளே காற்று விரிந்து, போக வேறு வழியின்றி சீல்களைத் தள்ளிக்கொண்டு எண்ணெயோடு வெளியேறியிருக்கிறது. ஒரு ஊசியால் குத்தி வண்ணத்தை எடுத்தேன். மூடியைக் கழற்றிச் சோதித்தபோது சீல்கள் இரண்டும் நலமாகவே இருந்தன. எண்ணெய் குடித்த இடப்பக்க பிரேக் ஷூக்களை மட்டும் தூக்கி எறிய வேண்டியிருந்தது. ஒரு பக்கம் மட்டும் மாற்றுவதில்லை என்பதால் வலப்பக்கத்து நல்ல ஷூக்களும் கூடவே போயின.

செலவுக் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். மொத்தத்தில் ஆக்ஸிலுக்காகக் கொடுத்தது நாற்பது சதவீதம். புரொப்பல்லர் ஷாஃப்ட்டுக்கு இருபது. பிரேக் தொடர்பானவை எல்லாம் சேர்த்து இன்னொரு இருபது. யூ-போல்ட், ரப்பர், சீல், வாஷர், எண்ணெய் பத்து. மீதி பத்து, முதல் ஆக்ஸிலின் போக்குவரத்தும் உடைந்த சாக்கெட்டும் வீணான ஷூக்களும், அதாவது என் தவறுகளின் விலை. பழையதைப் புதுப்பிக்கக் கணக்கிட்ட தொகையில் ஆறில் ஐந்து பங்கு இதற்கே போய்விட்டது. அன்று காகிதத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று எழுதியபோது நான் ஆக்ஸிலை மட்டுமே எண்ணியிருந்தேன். வேலை நேரம் 46 மணி. அதில் பழையதைக் கழற்றிப் புதியதை ஏற்றியது 7 மணி மட்டுமே.

மறுபடி ஒரு வண்டிக்குச் செய்வதானால், ஆக்ஸிலோடு அதே வண்டியின் ஹேண்ட்பிரேக் கேபிளையும் ஷாஃப்ட்டையும் கேட்டு வாங்குவேன். விற்பவருக்கு அவை பெரும்பாலும் வேண்டாத பொருள்கள். வண்ணம் அடிப்பதற்கு முன் மூச்சுத் துளையில் ஒரு தீக்குச்சியைச் செருகி வைப்பேன். ஷூக்களை முதல் ஓட்டம் முடியும் வரை பழையவையாகவே விட்டுவைப்பேன். பின்னால் இருப்பது பாஞ்சோவாக இருந்து, அதன் பற்களில் குழி விழாமல் இருந்தால், சீல்களை மட்டும் மாற்றி அதையே ஓட்டுவேன்.

62 கிலோமீட்டருக்குப் பிறகு யூ-போல்ட் நட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்த்ததில் வலப்பக்கத்தில் இரண்டு நட்டுகள் கால் திருப்பு ஏற்றுக்கொண்டன. புதிய ரப்பர் மெத்தைகள் அமுங்கியிருக்கின்றன. 500 கிலோமீட்டரில் மறுபடி பார்க்க வேண்டும். பாஞ்சோ கொட்டகையின் மூலையில், ஹப்புகளில் கிரீஸ் பூசி, கோணிப்பை சுற்றிக் கிடக்கிறது.